மெராந்தி இலையின் வயது

செடிகள் எங்கள் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நாற்பது கறுப்புப் பைகள். இருபதில் மஹாங், இருபதில் மெராந்தி. இரண்டும் இந்த நாட்டுக் காட்டு மரங்கள். மஹாங் வெட்டவெளி கிடைத்தால் மடமடவென்று வளர்ந்துவிடும். மெராந்தி பெரிய மரங்களின் நிழலில் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக நிற்கும். அன்று இரண்டுமே முழங்கால் உயரம்கூட இல்லை.

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்புறத்தில் ஒரு காரும் நான்கு தொட்டிகளும்தான் கொள்ளும். அதனால் தெலுக் பங்லிமா காராங்கில் பூச்செடி நர்சரி வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டு, நிழல்வலைக்கு அடியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டோம். பைகளை இறக்கும்போது அவர் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், இதுல எது பூக்கும்?”

“மெராந்தி பூக்கும்கா. ஒரு இருபது முப்பது வருஷம் ஆகும்.”

“அப்ப நான் விக்க மாட்டேன் லா. நீங்களே வெச்சுக்குங்க.”

டீச்சர் என் மனைவி. கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறார். பகுதி நேரமாக முதுகலை ஆய்வில் சேர்ந்திருந்தார். ஆய்வின் கேள்வியை எனக்கு ஒரே வரியில் சொல்லியிருந்தார்: ஓர் இலையின் தடிப்பையும் எடையையும் வைத்து, அது எவ்வளவு வேகமாக ஒளிச்சேர்க்கை செய்யும் என்று சொல்ல முடியுமா? மஹாங்கின் இலை மெல்லியது, மரம் அதிகச் செலவில்லாமல் செய்துகொள்வது. வேகமாக உழைத்துச் சீக்கிரம் உதிரும். மெராந்தியின் இலை தடித்தது. மெதுவாக உழைத்து நீண்ட நாள் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எடுத்துக்காட்டுவதற்குத்தான் இந்த நாற்பது செடிகள்.

ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகக் கடிதம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தப் பருவ முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பள்ளி முடிந்து திருத்தவேண்டிய தாள்களோடு தாள்களாக அவர் படித்த அத்தனையும் அத்தோடு போய்விடும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்புகளுக்குப் பொறுப்பு. உள்ளே வரும் ஒவ்வொரு தாளிலும் தேதி முத்திரை குத்துவது என் வேலை. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. சமையல் எரிவாயுத் தோம்பு மாற்றிய நாள், மழை தொடங்கிய மணி, ரயில் நின்றுபோன இடம் எல்லாம் என் நோட்டில் இருக்கும். செடிகள் வந்ததும் அவற்றுக்கென்று தனி நோட்டுப் போட்டேன். சனிக்கிழமைதோறும் நர்சரிக்குப் போய், அந்த வாரம் புதிதாக விரிந்த இலைகளின் காம்பில் தளர்வாக நூல் கட்டுவேன். வாரத்துக்கு ஒரு நிறம். பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கைத் துணிக்குப் பொருத்தமான நூல் விற்கும் கடையில் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. மாம்பழ மஞ்சளில் மட்டும் மூன்று வகை வாங்கினேன். எந்த நிறம் எந்த வாரம் என்பது என் நோட்டுக்கு மட்டுமே தெரியும்.

“இதை யார் கேட்டா உங்ககிட்ட?” என்றார் மனைவி.

“யாரும் கேக்கல.”

“ஆபிஸ்ல தேதி சாப் அடிக்கிறது பத்தலையா? இப்ப இலைக்கும் அடிக்கணுமா?”

பதினைந்தாவது வாரம் பல்கலைக்கழகம் கருவியைக் கொடுத்தது. தோளில் மாட்டும் பெட்டி ஒன்று, அதிலிருந்து நீளும் குழாய், குழாயின் நுனியில் இலையைக் கவ்விக்கொள்ளும் சிறிய அறை. அறைக்குள் ஓடும் காற்றிலிருந்து இலை எவ்வளவு கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்பதைத் திரை காட்டும். எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலை எட்டிலிருந்து பதினொன்றுவரைதான் வேலை. அதற்குமேல் வெயில் ஏறினால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். கருவி எங்களிடம் நான்கு வாரம் இருக்கும். கடைசி வெள்ளி பிற்பகல் வேறொரு மாநிலத்துக்குப் போய்விடும்.

முதல் நாளைக்கு முன்தினம் மனைவி என்னிடம் சொன்னார்: “செடிக்கு ஒரு இலை. முழுசா விரிஞ்சிருக்கணும், ஓட்டை இருக்கக் கூடாது. அதுல வெள்ளை நூல் கட்டிடுங்க.” அவர் பள்ளிக் கூட்டத்துக்குப் போனார். நான் நாற்பது வெள்ளை நூல்களைக் கட்டினேன்.

மூன்று வாரம் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து புள்ளிகளைப் போட்டார். மஹாங் புள்ளிகள் ஒரு பக்கம் ஒழுங்காகக் கூடி நின்றன. மெராந்தி புள்ளிகளோ கைதவறிக் கொட்டிய கடுகுபோல் எங்கும் கிடந்தன. இரண்டு இலைகள், நல்ல வெளிச்சத்தில் இருந்துகொண்டே, கரியமில வாயுவை எடுப்பதற்குப் பதில் வெளியே விட்டிருந்தன.

திங்கள் காலை அவருடைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் பேசினார். மலாய்க்காரர், நிதானமானவர். மெராந்திக் கன்றுகளுக்கு வேரில் நோய் இருக்கலாம், அவற்றை விட்டுவிடலாமா என்று கேட்டார். மனைவி பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடியே, “மெராந்தி இல்லாம எதோட எதை ஒப்பிடறது? முடிஞ்சுதுங்க,” என்றார். அழவில்லை. வாசல் கேட்டை மட்டும் இரண்டு முறை பூட்டினார்.

அன்று மதியம் நான் சாப்பிட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெண்மணி வெற்றிலைக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் முத்தல் லா. நிச்சயதார்த்தத் தட்டுக்கு வெக்கணும். இளசாப் பாத்துக் குடுங்க.”

“இளசு வேணும்னா காலையில வரணும் ஆன்டி. ஒரு மணிக்கு வந்து கேட்டா? நானா அந்தக் கொடியைப் பெத்தேன்?”

நான் நின்றுவிட்டேன். என் விரல்களின் நினைவில் ஒன்று தட்டியது. வெற்றிலைத் தட்டுக்கும் மாவிலைத் தோரணத்துக்கும் இலை பொறுக்கியே பழகிய கை இது. நுனி முறியாமல், புள்ளி விழாமல், பளபளவென்று, கிளையின் உச்சியில் இருப்பதைத்தான் அது தேடிப் போகும். மெராந்திச் செடிகளில் நான் அப்படித்தான் போயிருந்தேன். கீழே இருந்த முற்றிய இலைகளைப் பூச்சி அங்கங்கே கடித்திருந்தது. மேலே இருந்தவை முழு அளவுக்கு விரிந்து, ஓட்டையே இல்லாமல், செம்பு நிறத்தில் தொங்கின. அவ்வளவு அழகு. மனைவி சொன்ன இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தின. இலையின் வயதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடைபாதையிலேயே நின்று பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வாயு வெளியே விட்ட இரண்டு இலைகளுக்கும், வெள்ளைக்கு அடியில், வெள்ளை கட்டிய அதே வாரத்து ஊதா நூல். மிகக் குறைந்த எண் காட்டிய அடுத்த ஐந்துக்கும் அதற்கு முந்தைய வாரத்து நூல். எல்லாவற்றுக்கும் எதிரே என் கையெழுத்தில் ‘சிவப்பு, தொய்வு’ என்று இருந்தது. ஓரளவு நன்றாக உழைத்த இலைகள் எல்லாம் ஆறு வாரம் கடந்தவை. மஹாங்கில் இந்த வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் அதன் இலை விரிந்த கையோடு பச்சையாகி வேலைக்கு வந்துவிடுகிறது. மெராந்தி இலை முதலில் உடம்பை வளர்க்கிறது. பச்சையமும் உறுதியும் பிறகுதான்.

மனைவிக்குச் செய்தி அனுப்பினேன்: “செடிக்கு நோய் இல்லை. வெள்ளை நூல் கட்டின மெராந்தி இலையில பாதி இளசு. வாரக்கணக்கு என்கிட்ட இருக்கு.”

தேர்வு மேற்பார்வையில் இருந்தார். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பதில் வந்தது: “அப்ப நீங்கதானா.”

அடுத்த நிமிடமே இன்னொன்று: “நோட்டை ரயில்ல விட்டுடாதீங்க.”

வெள்ளிக்குள் இருபது மெராந்தியையும் மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள்ளான ஓர் இலை. பூச்சி கடித்திருந்தாலும் பரவாயில்லை, அறை கவ்வும் இடம் முழுதாக இருந்தால் போதும் என்று மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார். அந்த மூன்று வாரங்களுக்கு உரிய நிறங்கள் பச்சை, மாம்பழ மஞ்சளில் வெளிறியது, நீலம். செவ்வாய் முழுவதும் மனைவிக்குத் தேர்வு மேற்பார்வை. புதன் காலை இருவரும் விடுப்பில் நர்சரிக்குப் போனோம். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு மழை பிடித்தது. பதினொன்றே கால்வரை விடவில்லை. வலையின் கீழ் அக்காவோடு மூவருமாகப் பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

“அண்ணே, மழை ஆரம்பிச்ச டைம் எழுதிட்டீங்களா?” என்றார் அக்கா.

“எழுதிட்டேன்.”

“நிக்கிற டைமையும் எழுதி வெச்சா நல்லாருக்கும்.”

மனைவி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

வியாழன் நல்ல வெயில். நான் நோட்டைப் பார்த்து நிறத்தையும் செடி எண்ணையும் சொல்ல, அவர் இலையைக் கவ்வவைத்து எண் நிலைக்கக் காத்திருந்தார். பதினொரு செடி முடிந்தது. வெள்ளியன்று ஒன்பது மீதம். ஏழாவதில் நான் மாம்பழ மஞ்சளின் மூன்று வகைகளுக்கு நடுவில் தடுமாறினேன். அக்கா வந்து, நூலை வெளிச்சத்தில் பிடித்து, “இது இருக்கறதுலயே வெளிறினது அண்ணே, அந்தப் பாவாடை மஞ்சள்,” என்று முடித்துவைத்தார். நோட்டிலும் ‘வெளிர் மஞ்சள்’ என்றே இருந்தது, ஒன்பது வாரம். பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு இருபதாவது இலையின் எண் நிலைத்தது. கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பிற்பகல் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தோம். அளந்த பின் நறுக்கி எடுத்திருந்த இலைகளின் தடிப்பையும் பரப்பையும் மனைவி அங்கேயே அளந்து, உலர்த்தி எடை போடக் கொடுத்தார்.

எடைகள் வந்த செவ்வாய்க்கிழமை மாலை மறுபடியும் அதே சாப்பாட்டு மேசை. மனைவி புள்ளிகளைப் போட்டார். மஹாங் மேலே இடப்பக்கம்: எடை குறைந்த இலை, வேகமான உழைப்பு. மெராந்தி கீழே வலப்பக்கம்: எடை கூடிய இலை, நிதானமான உழைப்பு. நடுவில் சாய்ந்து இறங்கும் ஒரு கோடு, யாரும் இழுத்துப் பிடிக்காமலே. அவர் கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு எழுந்து போய், இரண்டு தட்டு நிறைய உப்புமா கொண்டுவந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் தவற்றையும் மேற்பார்வையாளர் வீணாக்க விடவில்லை. இளம் இலைகளின் எண்களைத் தூக்கிப் போடாதே, வயதை வைத்து வரிசைப்படுத்து என்றார். வாரம் ஏற ஏற மெராந்தி இலையின் உழைப்பு எப்படி ஏறுகிறது என்பது தனி அத்தியாயமாயிற்று. பருவ முடிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேடு உள்ளே போனது.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வன்று நான் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். வெளியே வந்தவர் முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“சின்னத் திருத்தம் மட்டும். பாஸ்.”

“என்ன கேட்டாங்க?”

“இலையோட வயசை இவ்வளவு சரியா எப்படிப் பதிவு பண்ணேன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர்னு சொன்னேன். தப்பான இலையை எடுத்தது யாருன்னும் கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“அதுவும் அவர்தான்னு சொன்னேன்.”

ஆய்வேட்டில் என்னைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: ‘இலைகள் விரிந்த வாரம் வண்ண நூலால் குறிக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டது.’ யாரால் என்று இல்லை. அந்த எழுத்துநடையில் யாருக்கும் பெயர் கிடையாதாம். மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மூலையில் தேதி முத்திரை குத்தி, நோட்டின் கடைசித் தாளில் ஒட்டினேன்.

நாற்பது செடிகளும் இன்னும் நர்சரியிலேயே நிற்கின்றன. மஹாங் வலையை முட்டிவிட்டது. அக்கா வலையைக் கிழித்து அதற்கு வழி விட்டிருக்கிறார்.