வேலிச் சண்டைக்காரன்

வெள்ளாங்குளத்தில் தனஞ்சயனைச் சண்டைக்காரன் என்றுதான் சொல்வார்கள். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அதையே காரணமாகவும் சொல்வார்கள். யுத்தம் தின்ற வருடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உண்மையில் அவன் வயலில் மாட்டைக்கூட அதட்ட மாட்டான். சண்டை பிடித்தது உலகத்தில் ஒரேயொரு ஆளோடு மட்டும்தான். பக்கத்துக் காணி மங்கையற்கரசியோடு.

அவள் இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த தனியாள். மீள்குடியேறியபோது இரண்டு காணிக்கும் நடுவில் காடு மண்டி, எல்லை எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தனஞ்சயன் கதியால் தடிகள் நட்டு ஓலைவேலி கட்டினான்.

"ஒரு சாண் என்ரை பக்கம் வந்திட்டுது" என்றாள். பிடுங்கி நட்டான். "இப்ப வளைஞ்சு போச்சுது" என்றாள்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் சண்டை நடந்தது. சண்டைக்குப் போகிறவன் முழுகி, தலை வாரி இழுத்து, மினுக்கிய சேட்டும் போட்டுக்கொண்டு போவானேன் என்று ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை. சண்டைக்கு நடுவில் அவள் வேலிக்கு மேலால் தேத்தண்ணி நீட்டுவாள்.

"குடிச்சிட்டு மிச்சத்தைக் கதையுங்கோ. ஆறப்போகுது."

அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. வேலியைப் பற்றியென்றால் மணிக்கணக்காகப் பேசுவான். வேறெதற்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஊர்ச் சங்கத் தலைவர் ஏரம்பு நல்ல மனிதர். வினையெல்லாம் அதனால்தான் வந்தது. இரண்டு பேரும் அடிபட்டுச் சாகப்போகிறார்கள் என்று பயந்து, ஆள் பிடித்துக் காணியை அளந்து, சீமெந்துத் தூண் போட்டு, முட்கம்பியும் இழுத்துவிட்டார்.

"இனி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சிரித்தார். இருவரும் செத்தவீட்டில் நிற்பவர்கள் போலத் தலையாட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு தனஞ்சயன் வழக்கம்போல முழுகிவிட்டு வந்து கம்பியைப் பார்த்தான். பாழாய்ப்போன கம்பி நேராக நின்றது. இனி ஆயுள் முழுக்க இப்படித்தானா என்று நினைத்தபடி திரும்பிப் போனான்.

அதற்கடுத்த ஞாயிறு அவளே விளக்குமாறும் கையுமாகக் கம்பியடிக்கு வந்தாள்.

"உங்கட முருங்கை இலை என்ரை முத்தம் முழுக்கக் கொட்டுது. கூட்டிக் கூட்டி இடுப்பு முறியுது."

தனஞ்சயன் திரும்பித் தன் வளவைப் பார்த்தான். அங்கே முருங்கை மரமே இல்லை. அவள் முற்றத்தில் ஓர் இலையும் இல்லை.

"என்ரை வளவில..." என்று தொடங்கினான்.

"நாளைக்கும் கொட்டும்" என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

அன்று பின்னேரமே எங்கேயோ போய் முருங்கைத் தடி ஒன்று வெட்டி வந்து, கம்பியோரமாக நட்டான். வழியால் போன ஏரம்பு நின்று பார்த்தார்.

"கம்பியோட ஒட்டி நடாதையடா. பிறகு இலை அங்கால விழுந்து சண்டைதான் வரும்."

"ஓம் அண்ணை, வரும்" என்றான் தனஞ்சயன், மண்ணை நன்றாக இறுக்கிக்கொண்டே.