சித்தியின் காதளவு

என் சித்திக்குப் பாம்புக்காது. "இவ இருக்கும்போது மூச்சு விடுறதுன்னாகூட யோசிச்சுத்தான் விடணும்" என்பார் சித்தப்பா. "மூச்ச தாராளமா விடுங்க, குறட்டைய விடாதீங்க" என்பாள் அவள்.

அந்தக் காதை வைத்துத்தான் அவள் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். ஹெட்ஃபோனில் படம் பார்ப்பவருக்கு மழை தலைக்கு மேலே பெய்ய வேண்டும், கார் பின்னாலிருந்து வர வேண்டும். எந்தக் கம்பெனி ஹெட்ஃபோனானாலும் அப்படித்தான் கேட்க வேண்டும். அதற்கான தர விதிகளை எழுதும் குழுவில், ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லும் சோதனை அவள் பொறுப்பு. வரைவு வியாழக்கிழமை ஓட்டுக்கு வர இருந்தது.

மூன்று வருடம் ஊர் சுற்றித் திரும்பியிருந்த எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளோடு சோதனை அறைக்குப் போனேன். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, நடுவில் ஒற்றை நாற்காலி. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, முன், பின், மேல் என்று மூன்று பொத்தான்களைக் கையில் கொடுத்தாள்.

மழை பெய்தது. 'பின்' அழுத்தினேன்.

"என்னடி, விளையாடுறியா?"

"முதுகுலதான் சித்தி பெய்யுது."

மூன்று முறையும் அப்படித்தான். சித்தியின் உதவியாளர் சிரித்தபடி என் விடைகளைக் குறித்த தாளை ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. முதல் சுற்றுல மேடம் சொல்ற விடையோட ஒத்துப்போகலன்னா, காது நம்பகமில்லன்னு அனுப்பிடுவோம். அதான் முறை."

"இப்படி எத்தனை பேர அனுப்பியிருக்கீங்க?"

அவர் பெட்டியைப் பார்த்தார். எண்ணியதே இல்லையாம்.

சித்திதான் அதைத் தரையில் கவிழ்த்தாள். நாற்பத்தாறு தாள்கள். நாற்பத்தொன்றில் மழை பின்னால் பெய்திருந்தது. தேறி, வருடக்கணக்காக வந்து போனவர்கள் பதினான்கு பேர்தான்.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருவதாகத் தோன்றும் என்பது காதின் வடிவத்தைப் பொறுத்தது. வரைவில் 'பொதுக் காது' என்று எழுதியிருந்த அளவு அவளுடைய காதிலிருந்து எடுத்தது.

"என்னை மாதிரியே கேக்குறவங்களாப் பொறுக்கி எடுத்து, நான் கேட்டது சரியான்னு அவங்ககிட்டயே கேட்டிருக்கேன்."

"ஓட்டு முடியட்டும் மேடம். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்" என்றார் உதவியாளர்.

"அதுக்குள்ள எத்தனை லட்சம் பேர் தலையில இத மாட்டிவிட்டுடுவாங்க?"

எழுந்து கணினி முன் உட்கார்ந்தாள். முதல் வரியை இரண்டு முறை அடித்து அழித்தாள். நாற்காலியை விட்டு எழுந்து அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீ அடி. வரைவைத் திரும்பப் பெறுகிறேன்னு போடு."

"காரணம்?"

"பதினாலு பேர் கேட்டதாக எழுதியிருந்தேன், கேட்டது ஒரே ஆள்னு போடு."

அடித்தேன். "அனுப்பட்டுமா சித்தி?"

"அனுப்பு" என்றவள், தரையில் கிடந்த தாள்களில் தொலைபேசி எண்களைத் தேட ஆரம்பித்தாள்.