இரண்டாம் பக்கம், நான்காவது பாட்டு

வாப்பாவின் காருக்குள் எப்போதும் இரண்டு வாசனை. வெயிலில் காய்ந்த சீட் உறை. ஏசி துளைக்குப் பக்கத்தில் செருகிய அத்தர் பஞ்சு.

அதோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல்...

தொண்ணூறுகளின் கடைசி. ஷார்ஜா. கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டை பாப் இசையில் முக்கி எடுத்த ஆல்பம் அது. ஜெபல் அலி வேர்ஹவுஸில் வாப்பாவோடு வேலை பார்த்த ரோமல் என்ற பிலிப்பைன்ஸ்காரர், காலி கேசட்டில் பதிந்து கொடுத்தார். மேலே பெயர் எழுதவில்லை.

நேற்று அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இது கன்ட்ரியே இல்லை என்கிறார் ஒருவர். கிட்டாரைத் தோரணமாகக் கட்டியிருக்கிறார்களாம். இன்னொருவர், முதல் பாதி தங்கம், இரண்டாம் பாதியைத் தூக்கிப் போடலாம் என்கிறார்.

இரண்டாம் பாதியைப் பற்றி அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

லாத்தா, என் அக்கா, அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். கீழக்கரையில் உம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் பதில் கேட்டிருந்தார்.

போனில் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். பெரிய விஷயங்கள் எல்லாம் கேசட்டில்தான். பேசிப் பதிந்து, லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். அதிலும் பெயர் எழுத மாட்டோம். எழுதினால் கொண்டுபோகிறவர் போட்டுக் கேட்டுவிடுவார். டேப்பில் காலியிடமும் விட மாட்டோம். இரண்டு பக்கமும் நிறையும்வரை பேச்சு.

உம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணனுக்கான கேசட்டில் பேசினாள். கதவுக்கு வெளியே நானும் லாத்தாவும்.

"காக்கா, நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும். எங்களுக்குச் சம்மதம்."

லாத்தா எழுந்து போய்த் துணி மடித்தாள். ஒரே சட்டையை மூன்று முறை.

பார்சல் கட்டியது வாப்பா. பால் பவுடர், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம். நடுவில் கேசட்.

மூன்று வாரத்தில் பதில் கேசட் வந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, நாலு பேரும் டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமாவின் குரல்.

"தங்கச்சி, நீ அனுப்புன கேசட்டு வந்துச்சு. வீடே ஒக்காந்து கேட்டோம். யாரோ வெள்ளக்காரி பாடுனா. சரி, பாட்டு முடிஞ்சதும் நீ பேசுவேன்னு பாத்தோம். ரெண்டாவதும் பாடுனா..."

வாப்பா திரும்பி, ஆணியில் தொங்கிய கார் சாவியைப் பார்த்தார்.

"திருப்பிப் போட்டோம். அங்கயும் அவதான்."

நடுவில் மாமி புகுந்தாள். "கொரலு நல்லாத்தான் இருந்துச்சு. இவுக காலாட்டிக்கிட்டுக் கேட்டுட்டு இப்பக் கோவிக்கிறாக."

"நீ சும்மா இரு புள்ள... தங்கச்சி, ரெண்டாம் பக்கம் நாலாவது பாட்டு ஒப்பாரி மாரி இருந்துச்சு. பக்கத்து வீட்டு இங்கிலீஷ் வாத்தியாரக் கூப்புட்டு அர்த்தம் கேட்டேன். ஒரு பொண்ணு, என்னைய இப்பவே பூட்டி வைக்காதீங்க, கொஞ்சம் ஒலகத்தப் பாத்துட்டு வாரேன்னு பாடுதாம். எனக்கு வெளங்கிருச்சு. வேணாம்னா வேணாம்னு சொல்லிருக்கலாம்ல? நான் என்ன அன்னியமா, பாட்டுப் போட்டுச் சொல்றதுக்கு? மாப்ள வீட்டுல சொல்லிட்டேன், புள்ள படிக்கப் போவுதுன்னு."

உம்மா டேப்பை நிறுத்தினாள்.

வாப்பா போன் கார்டைத் தேடி எடுத்தார். "நான்தான் மாத்தி வச்சுட்டேன். உன் கேசட்டு கார்ல கெடக்கும், கார் டேப்பு ரிப்பேர்னு போட்டே பாக்கல. இப்பவே மச்சானுக்குச் சொல்லிர்றேன். ஒண்ணும் கெட்டுப் போவல."

லாத்தா தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா லாத்தாவைப் பார்த்தாள். வெகுநேரம்.

பிறகு வாப்பாவின் கையிலிருந்து கார்டை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும். காக்காதான் வெளங்கிருச்சுங்குறாகல்ல."

"அப்ப நீ பேசுன கேசட்டு?"

"அந்த பிலிப்பினிட்டக் குடுங்க. அதுல பாட்டப் பதிஞ்சு தரச் சொல்லுங்க."

மாமா ஒரு வருடம் உம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. உம்மா விளக்கம் சொல்லவும் இல்லை. லாத்தா கல்லூரிக்குப் போனாள்.

இப்போது அவள் ஜெபல் அலியில், வாப்பா வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தை நடத்துகிறாள். நேற்று அந்தக் கருத்துகளை அவளுக்கு அனுப்பினேன். குரல் செய்தியில் பதில் வந்தது.

"எனக்கு அந்த ஆல்பமே புடிக்காதுடி. அதுலயும் அந்த நாலாவது பாட்டு... சரியான இழுவ."

சிரித்தேன். பிறகு போனில் முழு ஆல்பத்தையும் கேட்டேன். ஒலி துல்லியம். கடைசிப் பாட்டு முடிந்த மறுநொடி, வேறு யாரோ பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் காரில் அது அப்படி முடியாது.

உம்மா பேசிய கேசட்டின் மேலே ரோமல் பதிந்த பாட்டு, டேப்பின் நீளத்துக்குப் போதவில்லை. இரண்டாம் பக்கக் கடைசியில் ஒரு நிமிடம் மிச்சம். வருடக்கணக்காக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கடைசிப் பாட்டு ஓய்ந்து, லேசான இரைச்சல் வந்து, அதற்குள்ளிருந்து உம்மா பேசுவாள். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். யாரும் கையை நீட்டி நிறுத்த மாட்டோம்.

"டேப்பு முடியப் போவுது காக்கா... வேற என்ன சொல்ல... புள்ள நல்லாப் படிக்கிறா."