குரூப்பில் போட்டாச்சு

முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் வழியெல்லாம் நான் போனைக் கீழே வைக்கவில்லை. வாடகைக் காரில் பக்கத்தில் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானோ சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் "அவருக்கு நெஞ்சுவலி, ஜெபிக்கவும்" என்று போட்டுவிட்டு, யார் யார் 'ஆமென்' போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பாஸ்டரம்மா இன்னும் பார்க்கவில்லையே என்று அவர்மேல் கோபம் வேறு.

ஆஸ்பத்திரியில் உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"நீ ஜெபம் பண்ணியா?"

"குரூப்ல போட்டுட்டேன் மாமா. எல்லாரும் பண்றாங்க."

"அவுங்க பண்ணட்டும். நீ பண்ணியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து நான் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். மனப்பாடமான வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"இயேசப்பா, எனக்கு பயமா இருக்கு. இவுரு கூடவே இருங்க."

"ஆமென்" என்றார் அவர். கதவு மூடியது. பைக்குள் போன் விடாமல் சத்தம் போட்டது. போனை எடுக்கத் தோன்றவில்லை. அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அவர் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். என் பயம் இன்னும் போகவில்லை. அதை யாரிடம் சொல்வது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. குளிக்கப் போனவர் கொஞ்சம் தாமதித்தால்கூடக் கதவருகே நின்று அதே இரண்டு வரியைத் தொடங்கிவிடுகிறேன். நேற்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே உள்ளேயிருந்து குரல் வந்தது:

"ஆமென்! அந்தத் துண்ட எடுத்துக் குடு."