நாற்பதைத் தாண்டாத அக்கா

எண்ணூர் முகத்துவாரப் பாலத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, காத்திவாக்கத்தை நோக்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பிற்பகல் மூன்று மணி வெயில். டேங்கின் மேல் கை வைக்க முடியவில்லை. இன்ஜினிலிருந்து தீய்ந்த எண்ணெய் வாடை வந்துகொண்டிருந்தது. அன்று காலைதான் தண்டையார்பேட்டை மெக்கானிக் பாய் அதற்கு போர் போட்டு, புது பிஸ்டன் இறக்கி என் கையில் கொடுத்திருந்தார். வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பாலத்துக்கு அப்பால் ஆளில்லாத நேர் ரோட்டைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எழுபதைத் தொட்டபோது இன்ஜின் ஒருமுறை முனகியது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகிக்கொண்டு வண்டியை இழுத்தது. சட்டென்று கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் நின்றேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் ஒரு வண்டியோடு ராயபுரத்தில் ஓர் அலுவலக வாசலில் நின்றாக வேண்டும். துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே சரக்குக் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வண்டி இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. நான் எட்டாவதோடு நின்றவன். காசிமேட்டில் ஐஸ் உடைத்திருக்கிறேன், மணலியில் டிரம் கழுவியிருக்கிறேன், லாரியில் கிளீனராக நெல்லூர் வரைக்கும் போய்ப் படுத்துக் கிடந்திருக்கிறேன். எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. சில இடங்களில் அவர்கள் அனுப்பினார்கள், சில இடங்களில் நானே கிளம்பினேன். இந்தக் காகித வேலை மட்டும் எனக்கென்றே யாரோ யோசித்து வைத்தது போலிருந்தது. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கலாம், அதற்குச் சம்பளமும் உண்டு.

போர் போட்ட வண்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டால், இரண்டும் ஒன்றோடொன்று பழகும்வரை வண்டியைப் பொறுமையாக ஓட்ட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது, பின்னால் ஆளை உட்கார வைக்கக் கூடாது. எல்லோரும் பாயிடம் தலையை ஆட்டுவார்கள், தெருமுனை திரும்பியதும் முறுக்குவார்கள். அதனால் பாய் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். போர் போட்ட வண்டிகளைக் கேன்டீன் அக்காவிடம் கொடுத்துவிடுவார்.

அக்கா தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் அத்திப்பட்டுக்குப் போய்வந்தவர். அங்கே அனல்மின் நிலையத்தை ஒட்டிய ஒரு கேன்டீனில் காலை சமையல் அவருடையது. சுடிதாரின் மேல் காக்கிச் சட்டை, சட்டைக்குள் செருகிய பின்னல், கைப்பிடியில் தொங்கும் டிபன் பை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஸ்பீடோமீட்டர் முள் அதற்கு மேல் ஏறி யாரும் பார்த்ததில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வண்டி அவர் கையில் பழகி, உரியவரிடம் திரும்பிப் போகும். பெட்ரோல் செலவு வண்டிக்காரருடையது, பயணம் அக்காவுடையது. “உனக்குனு ஒரு வண்டி வாங்கேன்க்கா” என்று ஒருவர் சொன்னதற்கு, “இன்னாத்துக்கு? இந்த ரோட்டுல ஓட்ற பாதி வண்டி என்துதான்” என்றார்.

அன்று காலை பாய் என்னிடமும் சொன்னார். “ரெண்டு வாரம் அக்காண்ட குடு நைனா. பூ மாரி திருப்பிக் குடுக்கும்.”

“நாளைக்கி வேலைக்குப் போணும் பாய். நானே மெதுவா ஓட்டிக்கிறேன்.”

“நீயா?” என்று மட்டும் கேட்டார்.

காத்திவாக்கம் குப்பம் வந்தபோது பின்னால் ஒரு வண்டி சத்தம் மெதுவாகக் கூடவே வந்தது. அதுவரை என்னைக் கடந்ததெல்லாம் டிரெய்லர்கள்தாம். திரும்பினால், வேலை முடிந்து வரும் அக்கா.

“இன்னாப்பா, வண்டிய வாக்கிங் இட்டுகினு போறியா?”

“ஜாம் ஆயிடுச்சுக்கா.”

“அதுவா ஆச்சா, நீ ஆக்கினியா? எத்தினில போன?”

“அறுபது.” அவர் பார்வையை எடுக்கவில்லை. “எழுபது” என்றேன்.

“காத்தால போட்ட போரு, சாயங்காலத்துக்குள்ள காலி. தாலி கட்டின கையோட டைவர்ஸ் வாங்கினவன் நீதான்.”

டோ போடச் சொல்லிக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வண்டி நின்றுபோனால் அதுதான் வழக்கம். முன்பின் தெரியாதவர்கூட இடது காலை நம் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி, தன் வண்டி வேகத்திலேயே நம்மைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுப் போவார். அக்கா மாட்டேன் என்றுவிட்டார்.

“இதும் போர் போட்ட வண்டி. முந்நூறுதான் ஓடிகீது. உன்னத் தள்னா இதுக்கு மூச்சு வாங்கும். உன் வண்டிய நீ கெட்த்த. இன்னொருத்தர் வண்டிய நான் கெடுக்கணுமா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. தள்ளாமல் போகிற ஆளை நான் அந்த ரோட்டில் பார்த்ததில்லை. ஆனால் அவர் போகவும் இல்லை. வலை பின்னும் கொட்டகை நிழலில் இரண்டு வண்டிகளையும் நிறுத்தச் சொன்னார். டிபனில் மீந்திருந்த எலுமிச்சை சாதத்தை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். “மொதல்ல அது ஆறட்டும். அதுக்குள்ள நீயும் ஆறு.” ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பாதி நேரம் என்னை ஏசினார், மீதி நேரம் இறால் விலையைப் பற்றி வலைக்காரரோடு வாதாடினார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லி, பையிலிருந்து சின்ன ஆயில் பாட்டிலை எடுத்து அந்தத் துளையில் ஊற்றினார். கிக்கரைக் கையாலேயே மெல்ல அமுக்கினார். மூன்றாம் முறை உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது.

“என் பின்னாலயே வரணும். முந்தினேன்னு வெச்சிக்கோ, பாய்கிட்ட சொல்லி வண்டிய எடைக்குப் போட்ருவேன்.”

முப்பத்தைந்தில் கிளம்பினோம். ஷேர் ஆட்டோ முந்தியது, தண்ணி கேன் வண்டி முந்தியது. ஒரு டிரெய்லர் பின்னால் வந்து காது கிழிய ஹாரன் அடித்தது. அக்கா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார், வேகத்தை மட்டும் மாற்றவில்லை. என் கை இரண்டு தடவை முறுக்கப் போய்த் திரும்பியது. பிறந்ததிலிருந்து போய்வந்த ரோடு அது. கருங்கல் தடுப்புக்கு அந்தப் பக்கம் அலை எவ்வளவு நெருக்கத்தில் உடைகிறது என்று அன்றுதான் பார்த்தேன். திருவொற்றியூர் சிக்னலில் பக்கத்து வண்டியில் நின்ற ஒருவர், “அக்கா, எப்டி கீற?” என்று சலாம் வைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். “செயின் தொங்கிகினு கீது. யார் வண்டினு நெனச்சி ஓட்ற?” என்றார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது என்னிடம் இருப்பது பேட்டரி வண்டி. அதற்கு போரும் இல்லை, பழக்க வேண்டியதும் இல்லை. வாங்கிய முதல் வாரம் அதையும் நாற்பதுக்குள்தான் ஓட்டினேன். விற்ற கடைக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது, ஆனால் கை முறுக்க மறுத்தது.

அன்று தண்டையார்பேட்டை போய்ச் சேர்ந்ததும், பாய் ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டார். “சிலிண்டர்ல கோடு வுய்ந்துகீது. மறுபடியும் போர்தான். பத்து நாளாவும்.” வேலை போய்விட்டது என்று தெரிந்தது. வேலை போவது எனக்குப் புதிதில்லை. சேர்வதற்கு முன்பே போனது அதுதான் முதல்தடவை.

அக்கா மூலையைக் காட்டினார். “அந்தக் கப்பல்காரர் வண்டி சும்மாதானே நிக்கிது?”

கப்பலில் வேலை பார்ப்பவர் ஒருவர், தான் திரும்புவதற்குள் பழக்கிவைக்கச் சொல்லி விட்டுப்போன வண்டி. அக்காவின் கைக்காகக் காத்திருந்தது.

“இவன்கிட்டயா?” என்றார் பாய். “இன்னாக்கா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

“காத்திவாக்கத்துலேந்து கண்ணாடில பாத்துகினே வந்தேன் பாய். முந்தணும்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு இவனுக்கு. முழுங்கிகினான்.”

பாய் கப்பல்காரருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. அக்கா சொன்னால் கொடுத்துவிடுங்கள் என்றார் அவர், எந்தக் கடலிலிருந்தோ.

மறுநாள் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராயபுரத்தில் நின்றேன். மேனேஜர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “யார் வண்டி?” கப்பல்காரர் வண்டி என்றேன், நாற்பதுக்கு மேல் போகாது என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்துச் சேர்ந்தால் அன்றைக்கே முறுக்க வேண்டிவரும்.

“இன்னா நைனா, ஊர்கோலமா போற? எட்டுக்கு மாத்தூர் யார்டுல பேப்பர் இருக்கணும்.”

“இப்பவே கெளம்புறேன் சார்.”

அவர் கொடுத்த காகித உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்குப் பின்னால் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். ஏழே முக்காலுக்கு மாத்தூர் யார்டு கேட்டில் காகிதங்களுக்கு சீல் வாங்கினேன்.