எலும்பு பொறுக்கிய காவலர்

மான்கள் மேயும் அந்தப் புல்வெளிக்குக் காவலராக வந்த ஆறு வருடத்தில், சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'துடைப்பம்'. கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிற மனுஷரை வேறென்ன சொல்வது? உதிர்ந்த கொம்பு, செத்த மானின் எலும்பு, எது கிடந்தாலும் அவர் கண்ணை உறுத்தும். சாக்கில் பொறுக்கிக்கொண்டு போய்க் காவல் குடிலுக்குப் பின்னால் புதைத்துவிடுவார். வந்து பார்த்த அதிகாரிகளும் மெச்சிவிட்டுப் போனார்கள். குனிந்து பொறுக்கியது அவர்களா என்ன?

இந்த வருடம் குட்டிகள் கால் வளைந்து பிறந்தன. தாய் மான்கள் நொண்டின. தொற்றுநோயாகத்தான் இருக்கும், பரவுவதற்குள் நொண்டுவதையெல்லாம் சுட்டுவிடலாம் என்று அதிகாரி முடிவுகட்டினார். மான்களின் ரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவரம்மா தடுத்தார்.

"பாஸ்பரஸ் சத்துதான் சார் குறைவு. இந்த மண்ணுலயே அது கம்மி. பக்கத்துக் காட்டுல மானுங்க பழைய எலும்பைக் கடிச்சுச் சமாளிக்குது. இங்க மட்டும் ஏன் இப்படின்னுதான் புரியல."

"காரணம் தெரியாம நான் காத்திருக்க முடியாதும்மா. நாளைக்கு மதியம் வரைக்கும் பார்ப்போம்."

ஓரமாக நின்று கேட்ட காவலருக்குக் காரணம் தெரிந்துபோனது. வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் மான்கள் போகும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நான் மாசமா இருந்தப்ப சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னேன். ஞாபகம் இருக்கா?"

"ம்."

"அசிங்கம்னு திட்டிட்டு, மறுநாளே பெயின்ட் அடிச்சீங்க. ஏன் திங்குறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. இதையும் பூசி மெழுகாதீங்க."

மறுநாள் காலையில் அதிகாரியின் மேசை மேல் மண் ஒட்டிய சாக்கு வந்து உட்கார்ந்தது. "நான்தான் சார். ஆறு வருஷமாப் பொறுக்கிப் புதைச்சேன்." மருத்துவரம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார். சுடும் பேச்சு அத்தோடு நின்றது. காவலருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ கிடைத்தது, பரவாயில்லை.

குழியைத் தோண்டித் தோண்டி, எலும்புகளைப் புல்வெளி முழுக்க அவரே இறைத்தார். சாயங்காலம் ஒரு நொண்டி மான் வந்து ஒரு துண்டைக் கவ்வி, கடைவாயில் வைத்து நறநறவென்று கடித்தது. பாவி மனுஷர் நின்ற இடத்திலேயே அழுதார்.

வீட்டு வாசலில் சேற்றுக் காலோடு தயங்கினார். "அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கணும்," என்றார்.

அவள் அவர் காலைப் பார்த்தாள். "பரவால்ல, அப்படியே உள்ள வாங்க."