பற்றரி இல்லாத சாவி

மனைவி இறந்துபோன பிறகும் நான் காரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது போக்குவரத்துக்காக அல்ல. நான் இருக்கும் மிச்சம் என்ற ஊரில் டிராமும் பஸ்ஸும் தாராளம். என் வயதுக்கு இரண்டும் இலவசம். ஆனால் காரில் போகும்போது முன்னாலும் பின்னாலும் வருகிறவர்களில் பலர் தனியாகத்தான் போகிறார்கள். வீட்டில் தனியாக இருப்பது நான் மட்டும். வெள்ளிக்கிழமை கோயில், பிறகு ஈஸ்ட் ஹாமில் ஒரு தோசை, அங்கே யாராவது தெரிந்தவர் முகம். அதுதான் என் வாரம்.

அன்றும் வெள்ளிக்கிழமை. சாவி சட்டைப் பையில் இருந்தாலே போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறந்துகொள்ளும். திறக்கவில்லை. சாவியில் இருந்த பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அசைவில்லை. பற்றரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மூலைக் கடைக்கு நடந்தேன்.

"என்ன அண்ணை, நடந்து வாறியள்? காருக்கும் பென்சன் குடுத்திட்டியளோ?" என்றார் கடைக்காரர்.

"சாவிக்குப் பற்றரி போயிட்டுது. வட்டமா, காசு மாதிரி இருக்குமே, அதில ஒண்டு தாரும்."

"ரெண்டாத்தான் வரும் அண்ணை. மற்றதை மகளுக்குக் குடுங்கோ."

குசினி மேசையில் உட்கார்ந்து, சாவிக்குள் செருகியிருக்கும் சிறிய உலோகச் சாவியை இழுத்தெடுத்தேன். அதன் நுனியை இடுக்கில் வைத்துத் திருகியதும் மூடி சிப்பி போலப் பிளந்தது. உள்ளே பற்றரி இல்லை.

விழுந்திருக்கும் என்று மேசைக்கடியில் குனிந்து தடவினேன். தடவும்போதே அது முட்டாள்தனம் என்று தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் தகடுகள் இறுக்கமானவை; யாராவது நெம்பி எடுத்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து போனாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வேறு யாரும் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கோடை தொடங்கியபோது அவளைக் குட்மேய்ஸில் உள்ள அவள் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு பாதசாரிக் கடவையில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கியதை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மகள் கத்தினாள். அந்தச் சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். தள்ளுவண்டிக்கும் காருக்கும் இடையில் ஒரு கை நீளம்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவள், "அப்பா, ஒருக்காக் கண் டொக்டரிட்டக் காட்டுவமே?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். "நீ கத்தினதாலதான் நான் குழம்பினனான். உனக்குக் கார் ஓடக் காட்டித்தந்தது ஆர்? இஞ்ச வாறதெண்டா உந்தக் கதையை விட்டிட்டு வா" என்றேன்.

அதன் பிறகு சில வாரங்கள் அவள் வரவில்லை. வந்தபோது கறிகளை டப்பாக்களில் போட்டு எடுத்து வந்தாள். அந்தக் கதையை விட்டுவிட்டுத்தான் வந்தாள்.

புதுப் பற்றரியைப் போட்டு மூடினேன். கார் விளக்குகளைச் சிமிட்டிக் கதவைத் திறந்தது. உள்ளே உட்கார்ந்து மகளைத் திட்டுவதற்குப் போனை எடுத்தேன். அப்போது தெருவில் சற்றுத் தள்ளி ஒரு பார்சல் வான் வந்து நின்றது. இந்த நாட்டில் இருபது மீட்டரில் ஒரு நம்பர் பிளேட்டை வாசிக்க முடியாதவன் வண்டி ஓட்டக் கூடாது. அயல்வீட்டுக் கார்களின் எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றை வாசித்துத்தான் இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இது தெரியாத வான். மஞ்சளில் கறுப்பாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

இறங்கி அதை நோக்கி நடந்தேன். எழுத்துகள் பிரிந்து தெரிந்தபோது வானின் பின்கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாரதி, பார்சலுக்கா நிற்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டு இலக்கத்தைக் கேட்டு, பாவம், உள்ளே ஏறித் தேடினான். எனக்கு ஒன்றும் இல்லை என்று வருத்தத்துடன் சொன்னான்.

திரும்பி வந்து மகளுக்குப் போன் செய்தேன்.

"சாவி வேலை செய்யேல்லைப் பிள்ளை."

"பற்றரி முடிஞ்சிருக்கும் அப்பா. நாளைக்கு வந்து மாத்தித் தாறன். நீங்கள் ஒண்டும் கழட்டாதேங்கோ."

"ஏன், ஒரு பற்றரி மாத்த எனக்கு ஏலாதே?"

"உங்களுக்கு ஏலும் எண்டு தெரியும். அதுதானே எனக்குப் பயம்."

அவள் குரல் உடைந்துவிட்டது. என் பிள்ளை என்னிடம் நேரில் கேட்கப் பயந்து, என் வீட்டிலேயே, நான் குசினியில் தேத்தண்ணி போடும் நேரம் பார்த்துச் சாவியைத் திறந்திருக்கிறாள். அந்தப் பயத்தை நான்தான் உண்டாக்கினேன். "சரி, நாளைக்கு வா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு புதுப் பற்றரியைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

மறுநாள் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து பழைய பற்றரியை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் நான் வாங்கிய இரண்டும் கிடந்தன. அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கார் ஓடினீங்களோ?"

"இல்லை. ஒரு வானின்ர நம்பரை வாசிக்கப் போனனான். ஏலேல்லை."

அவள் அழத் தொடங்கினாள். அப்போது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. "கண் டொக்டர் சனிக்கிழமையும் திறந்திருப்பாரோ?" என்றுதான் கேட்டேன்.

"பஸ்ஸில போவமா அப்பா?"

"கார் நிக்குதே. நீ ஓடு."

ஒரு பற்றரியைப் போட்டு மூடிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போய்விட்டு, அவள் அங்கே காத்து நிற்பதைக் கண்டு, சுற்றி மறுபக்கம் வந்தேன். உட்கார்ந்து பெல்டுக்காக வலது தோளுக்கு மேல் கையை நீட்டித் துழாவினேன். அவள்தான் எட்டி என் இடப்பக்கத்திலிருந்து அதை இழுத்துப் பூட்டிவிட்டாள்.